உடுப்பு மாற்றாமல் போன கட்டுரை

அந்தத் தெருவில் அவளுக்குப் பேச்சு டீச்சர் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் டீச்சராக இருந்ததில்லை. திக்கிப் பேசுகிறவர்கள், பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், பேசும் வயது வந்தும் வாய் திறக்காத குழந்தைகள், இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நாலைந்து நாற்காலிகள், உள்ளறையில் ஒரு மேஜை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, சுவரில் நாக்கும் உதடும் வரைந்த படம். கடைக்காரர் ஆட்களுக்கு வழி சொல்லும்போது, "பார்வை கீழே, பேச்சு மேலே" என்பார். தினமும் சொல்லி, தினமும் தானே சிரித்துக்கொள்வார்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. திக்குகிற ஒருவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார். ஒருநாள், "போதும் சாமி" என்று கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். தனியாகத் தொழில் செய்வது எவ்வளவு சுகம் என்று பேசுகிறவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. முதலாளியும் அவளே, பியூனும் அவளே, போன் எடுப்பவளும் அவளே. போதாக்குறைக்கு இணையதளம் ஒன்று.

இணையதளம் தம்பியின் கைங்கரியம். அவன் பிரிண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்; கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்குக் கைவந்த கலை என்று நம்புகிறவன். முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெண் பல் முழுவதும் தெரியச் சிரிக்கிற படத்தைப் போட்டுவிட்டான். வந்த ஆட்கள் முன்னறையில் உட்கார்ந்து, "அந்த மேடம் எப்ப வருவாங்க?" என்று இவளிடமே கேட்டார்கள். சண்டை போட்டுத்தான் படத்தை மாற்றினாள். அப்புறம் வருஷா வருஷம் தளத்தின் முகவரியைப் புதுப்பிக்க மறந்துவிடுவோமோ என்று பயம், கடவுச்சொல் மறந்துவிடுமோ என்று பயம், எல்லாம் ஒருநாள் காலையில் காணாமல் போய்விடுமோ என்று பயம். சுபாவமே அப்படி. காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள்.

ஆனால் அந்தத் தளத்தில் அவள் எழுத ஆரம்பித்ததும் விஷயம் மாறியது. ஒற்றை ஆளாகத் தொழில் செய்கிறவர்களுக்கென்று யாரோ நடத்திய இணைய வகுப்பில் சேர்ந்தாள். வாரம் ஒரு கட்டுரை எழுதுங்கள், தளத்திலேயே எழுதிப் பழகுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியிடுங்கள், படிக்கிறவர்களின் மின்னஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தானாகவே கட்டுரை போகும்படி செய்யுங்கள் என்று சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். பாதி எழுதிய கட்டுரைக்கும் ஒரு தேதி போட்டு வைத்துவிடுங்கள்; தேதி கழுத்தை நெரித்தால்தான் எழுதி முடிப்பீர்கள். பேச்சு டீச்சர் எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அட்சரம் பிசகாமல் செய்தாள்.

அவள் எழுதியதெல்லாம் மனிதர்களைப் பற்றி. திக்குவாய்க்குப் பத்து வழிகள் என்று எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? போனில் 'ஹலோ' வராததால் வேலையை விட்ட பையனைப் பற்றி எழுதினால் படிப்பார்கள். இப்படி எழுதுவதற்கு அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுவாள். பிறகு ஆற அமர உட்கார்ந்து அந்த ஆளுக்கு உடுப்பு மாற்றுவாள். சமையல்காரர் தச்சராவார், மனைவி அக்காவாவாள், ஆண் பெண்ணாகும். உண்மையை எழுதினால்தான் எழுத்தில் உயிர் இருக்கும், உயிர் வந்தபின் உடுப்பை மாற்றினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அவள் கட்சி. இத்தனை நாளில் ஒருவரும், "இது நான்தானே?" என்று கேட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். மூன்று நாள் கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஜன்னலில் நல்ல வெயில். போனை எடுத்துப் பார்த்தால் தளத்திலிருந்து வரிசையாகச் செய்திகள். 'கண் கலங்கிவிட்டது.' 'உங்கள் கட்டுரைகளிலேயே இதுதான் சிறந்தது.' 'அந்த அப்பாவை நினைத்து நினைத்து அழுதேன்.' அவளுக்கு உச்சி குளிர்ந்தது. எந்த அப்பா என்று யோசித்தபடியே படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் நினைவு வந்தது.

அந்த அப்பா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையது. மைக் முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படிக்கும்போது தண்ணீர் ஓடுகிற மாதிரி வரும். மைக்கை விட்டு எழுந்தால் திக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் யாரிடமும் பேசுவதில்லை. தலைக்கனம் பிடித்தவர் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேரே பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

அவருக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள். மகளின் பெயர், உதடுகள் இரண்டும் ஒட்டிப் பிரிய வேண்டிய எழுத்தில் ஆரம்பிக்கும். அந்த எழுத்துத்தான் அவருக்கு எமன். மனைவி ஆசையாக வைத்த பெயரை வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே பிறந்ததிலிருந்து மகளைக் குட்டி என்றே கூப்பிட்டார். செல்லம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மகள் வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில், "நோயாளி பேர் என்ன?" என்று கேட்டார்கள். உதடு ஒட்டியது ஒட்டியதுதான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கவுன்ட்டர்காரன், "குடிச்சிட்டு வந்திருக்கியாய்யா?" என்றான். கடைசியில் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். அதுவரை மகள் பெஞ்சில் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அழுதவளிடம், கூட்டம் அதிகம் என்று சைகையில் சொல்லிவிட்டார். மகளின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்காகத்தான் அவர் பேச்சு டீச்சரிடம் வந்தார். பயிற்சிக்கு வருவது மகளுக்குத் தெரியும். எதற்கு என்பது தெரியாது. இதை அவர் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது, சொன்னபின், "யா... யாருக்கும் தெரியாது மேடம்" என்றார்.

இதெல்லாம் அப்படியே தளத்தில் இருந்தது. பஸ் நிலையம், ஒலிபெருக்கி, உள்ளங்கை, எல்லாம். பெயர் மட்டும்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைத் துணிக்கடை விற்பனையாளராக்கி, மகளை மகனாக்கி, ஆஸ்பத்திரியைப் பள்ளிக்கூடமாக்கிவிடலாம் என்று தேதி போட்டு வைத்திருந்தாள். நடுவில் காய்ச்சல் வந்தது. தேதிக்குக் காய்ச்சல் வராதே. குறித்த நேரத்தில் தானாகவே வெளியாகி, தானாகவே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது.

உடனே கட்டுரையை நீக்கினாள். நீக்கிய பிறகும் போனில் பக்கம் அப்படியே தெரிந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அழிச்சுட்டேன்டா, ஆனா இன்னும் தெரியுதுடா!"

"பதறாதக்கா. அது உன் போன் எடுத்து வெச்சிருக்கிற பழைய காப்பி. ரீஃப்ரெஷ் பண்ணு. போச்சா?"

"போச்சு. மெயில்? மெயிலைத் திரும்ப வாங்க முடியுமா?"

"மெயில் போனா போனதுதான்க்கா. என்ன ஆச்சு, எதாவது தப்பா எழுதிட்டியா?"

"சரியா எழுதிட்டேன்டா. அதான் தப்பு."

அடுத்து, மின்னஞ்சல் வாங்குகிறவர்களின் பெயர்களைத் திறந்து பார்த்தாள். அவர் இதிலெல்லாம் சேருகிற ஆள் இல்லை, நிச்சயமாக இருக்க மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினாள். இருந்தார். அவருடைய முகவரி, எதிரே ஒரு பச்சைப் புள்ளி. பச்சை என்றால் வந்த மெயிலைத் திறந்தாகிவிட்டது என்று அர்த்தம். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இவர் எப்படிடா இதுல வந்தாரு? இவர் கேக்கவே இல்லையே!" என்று மறுபடியும் தம்பியிடம் கத்தினாள்.

"நேரம் கேட்டு ஃபார்ம் நிரப்பினாருல்ல? அதுல கடைசில ஒரு கட்டம் இருக்கும். கட்டுரை அனுப்பலாமான்னு. அதுல நானே டிக் அடிச்சு வெச்சிருக்கேன். வேணாம்னா அவங்க எடுத்துடணும். யாரும் எடுக்க மாட்டாங்க. எல்லா சைட்லயும் அப்படித்தான்க்கா வைக்கிறாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடா பாவி!"

"சொன்னேன்க்கா. நீதான் ஆளு கூடுதுன்னு சந்தோஷப்பட்டே."

அது உண்மை. மாதா மாதம் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துப் பூரித்துப்போனவள் அவள்தான். என் எழுத்துக்காகத்தான் சேருகிறார்கள் என்று கணவரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். தம்பியை வைவதை நிறுத்திவிட்டுப் போனை வைத்தாள்.

அன்று முழுவதும் அந்தப் பச்சைப் புள்ளியோடு குடித்தனம் நடத்தினாள். புள்ளியின் மேல் விரலை வைத்தால், எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று காட்டும். காலையில் ஒருதடவை. மத்தியானம் பார்த்தால் மறுபடியும். சாயந்திரம் இன்னும் கூடியிருந்தது. அவர் அந்த மெயிலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறார். எந்த வரியைப் படிக்கிறார்? கவுன்ட்டர்காரன் கேட்ட கேள்வியையா? அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவளுக்கு மனசில் படம் ஓடியது. சோறு இறங்கவில்லை.

கணவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறவர். எதையும் நஷ்டக் கணக்காகப் பார்த்துப் பழகியவர். "அந்தப் புள்ளியை முறைச்சுப் பாத்துட்டே இருந்தா அது சிவப்பாயிடுமா?" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தாங்க. மனுஷர் எங்கிட்ட நம்பிச் சொன்னாரு."

"பேரு போட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? உலகத்துல அவர் ஒருத்தர்தான் அனௌன்சரா? கேட்டா, அது வேற ஆளுன்னு சொல்லிடு. கேக்கலைன்னா விட்டுடு. நீயா வாயைக் குடுத்து ஏன் மாட்டிக்கிறே?"

அந்த யோசனை அவளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. திக்குகிறவர்கள் வராத வார்த்தையை விட்டுவிட்டு வேறு வார்த்தைக்குத் தாவுவார்கள். "தாவாதீங்க, எந்த வார்த்தையைப் பாத்து ஓடுறீங்களோ அது பின்னாடியே வரும்" என்று தினமும் உட்கார்ந்து ஊருக்கு உபதேசம் செய்கிறவள் அவள்.

திங்கட்கிழமை தளத்தில் புதிதாக ஒரு கருத்து வந்து அவள் அனுமதிக்காகக் காத்திருந்தது. கட்டுரை போய்விட்டாலும் மெயிலின் அடியில் இருந்த இணைப்பு வழியாக யாரோ அனுப்பியிருந்தார்கள். 'இது நம்ம பஸ் ஸ்டாண்டுதானே? அந்தக் குரலை எனக்குத் தெரியும் போலிருக்கிறதே!' பேர் போடவில்லை. விளையாட்டாக ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. பாம்பை மிதித்தவள் போல விரலை எடுத்து, அப்புறம் அதை அழித்தாள். இன்னும் எத்தனை பேர் கருத்து எழுதாமல், மனசுக்குள்ளேயே ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாள்.

போன் பண்ணலாமா? திக்குகிறவருக்குப் போனைப் போலக் கொடுமை வேறில்லை. தன்னிடம் வருகிறவர்களுக்கு ஒருபோதும் போன் செய்வதில்லை என்பது அவள் வைத்திருந்த நியமம். செய்தி அனுப்பலாம். 'ஐயா, நீங்கள் படித்திருப்பீர்கள்' என்று ஆரம்பித்தாள். படித்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன் என்றா சொல்வது? அழித்தாள். 'ஒரு தவறு நடந்துவிட்டது' என்று எழுதினாள். தவறு தானாக நடக்கிற ஆளைப் போல இருந்தது, அதையும் அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை பொறுக்கமாட்டாமல் பஸ் நிலையத்துக்கே போய்விட்டாள். எங்கோ போகிற ஆளைப் போலத் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈ மொய்க்கிற குப்பைத்தொட்டி, டீசல் புகை, ஓடுகிற ஜனங்கள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்து, பிறகு அவர் குரல் வந்தது. "பயணிகளின் கவனத்திற்கு." வழவழவென்று ஒரு சிக்கலும் இல்லாத குரல். மூன்றாவது மேடையிலிருந்து கிளம்ப வேண்டிய பஸ் தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கோபம் தெரிகிறதா, அழுகை தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. தாளில் இருப்பதைப் படிக்கிற குரலில் எதுவும் தெரியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். அறிவிப்பாளரின் கண்ணாடி அறைவரை போனாள். உள்ளே அவர் முதுகு தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் கதவைத் தட்டி உள்ளே போனால், யார் இந்த அம்மா, எதற்கு வந்தார்கள் என்ற கேள்வி வரும். மிச்சமிருக்கிற மறைப்பையும் தானே கிழித்த மாதிரி ஆகிவிடும். வந்த வழியே திரும்பினாள்.

புதன்கிழமை அவருடைய நாள். வரமாட்டார் என்று அவள் தீர்மானித்திருந்தாள். வராமலிருந்தால் நல்லது என்றும் ஒரு மூலையில் நினைத்தாள். மாடிப்படியில் காலடி கேட்டது. வழக்கம்போலச் செருப்பை ஒரு ஓரமாக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கா... காய்ச்சல் தேவலையா மேடம்?" கீழே கடைக்காரர் சொல்லியிருப்பார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் கூடுதலாக இருந்தது, மற்றபடி வழக்கமான முகம். அதில் அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவருக்குத் தெரியாது. படித்தவர் அவர் இல்லை. அவள் மார்பிலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கியது. கட்டுரை போயே போய்விட்டது, மனுஷருக்கும் தெரியாது, இத்தோடு வாயை மூடிக்கொண்டால் சுபம். நான்கு நாள் பட்ட பாட்டுக்குக் கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"தேவலை. நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எ... எனக்கு மோசமாயிட்டுதா மேடம்? உள்ளதைச் சொல்லுங்க."

"ஏன் அப்படிக் கேக்கறீங்க? நல்லாத்தானே வந்துட்டிருக்கு?"

"இல்ல. ம... மோசமாத்தான் ஆயிட்டு போல." திக்கித் திக்கி, நிறுத்தி நிறுத்தி அவர் சொன்னது இது. வீட்டில் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற ஒரே ஆள் மகள். மனைவி அவசரக்காரி, பாதியிலேயே புரிந்துகொண்டு போய்விடுவாள். மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குட்டி மட்டும் சின்ன வயசிலிருந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் அவர் சொல்லி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்து கேட்பாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அப்படி இல்லை. அவர் வாயைத் திறந்தால் போதும், அவளே முடித்துவிடுகிறாள். கடையில் சாமான் கேட்டால் அவள் கேட்கிறாள். போன் அடித்தால் ஓடிவந்து எடுக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சௌக்கியமா என்றால், "அப்பா சௌக்கியம்" என்கிறாள். நேற்று தண்ணீர் கேட்கப்போனார். 'த' என்பதற்குள் செம்பு வந்துவிட்டது.

"அவளுக்கே பொ... பொறுக்க முடியலைன்னா, நான் எவ்வளவு மோசமா ஆயிருக்கணும்?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

இப்போது பேச்சு டீச்சர் வாயை மூடிக்கொண்டால், இந்த மனுஷர் காலம் முழுவதும் குற்றத்தைத் தன் நாக்கின் மேல் போட்டுக்கொள்வார்.

"உங்க மெயில் எல்லாம் யாரு பாப்பாங்க?"

"அ... அவதான். எனக்கு அதெல்லாம் எங்க தெரியும். இங்க நேரம் வாங்கினதே அவதானே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நடந்ததை நடந்தபடி எழுதுவது, தேதி, காய்ச்சல், டிக் அடித்த கட்டம், பச்சைப் புள்ளி, பஸ் நிலையம்வரை வந்து திரும்பிப் போனது. நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டோம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "உங்களுக்கு ஒண்ணும் மோசமாகல. தப்பு உங்க வாயில இல்ல, என் கையில" என்றாள். அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் அழுதுவிட்டாள்.

அவர் ரொம்ப நேரம் ஆளுயரக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கடையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கையை நீட்டினார். "கா... காட்டுங்க."

தளத்தில் அழித்திருந்தாலும் அனுப்பிய மெயில் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். அவள் எதிர்பார்க்கவே இல்லை, அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

ஒலிபெருக்கிக் குரல். ஒரு திக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. எந்த மேடையில் எந்த பஸ் என்று சொல்கிற அதே நிதானத்தில், தன் உதடு ஒட்டிப்போனதை, வரிசை முணுமுணுத்ததை, உள்ளங்கையில் எழுதிக் காட்டியதை, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக வாசித்தார். "'குடிச்சிட்டு வந்திருக்கியாய்யா என்று கேட்டான்.'" அந்த வரிகூட வழுக்கிக்கொண்டு வந்தது. எழுதும்போது அந்த வரிக்காகத் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டவள் பேச்சு டீச்சர். இப்போது அந்தக் குரலில் அதைக் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று இருந்தது. பொத்திக்கொள்ளவில்லை. அவர் கடைசிவரை படித்தார்.

கண்ணாடியைக் கழற்றியதும் குரல் போய்விட்டது. "ந... நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அதைவிட அவர் அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

"நான் உங்க பொண்ணுகிட்ட பேசட்டுமா? பக்குவமாச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு எழுந்தார். அன்றைக்குப் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவரைத் தனியாக அனுப்ப மனசு கேட்காமல் அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

கீழே கண்ணாடிக் கடை வாசலில் மகள் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். இதற்கு முன்னால் அவள் அப்பாவைக் கூட்டிப்போக வந்ததில்லை. தூக்கமில்லாத முகம். பேச்சு டீச்சரைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும் என்று இருவருக்கும் அந்த ஒரு கணத்திலேயே புரிந்துவிட்டது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அவசரமாக, "அடுத்த வாரமும் புதன்தானே மேடம்? அப்பா வந்துடுவாங்க" என்றாள்.

அவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"ந... ந... நா..."

பேச்சு டீச்சர் அவர் வாயையே பார்த்தாள். வரேன் என்று சொல்லப்போகிறாரா, வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாரா? இனி இந்தப் படியையே மிதிக்க மாட்டேன் என்று சொன்னாலும் அவளால் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தெருவில் ஒரு லாரி ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது.

மகளால் தாங்க முடியவில்லை. "வரலைன்னு சொல்றீங்களாப்பா? பரவால்லப்பா, நான் சொல்லிடறேன், நீங்க வண்டியில ஏறுங்க."

அவர் தலையைப் பலமாக ஆட்டினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். தப்பாக முடித்துக்கொடுத்தால் அப்படித்தான். பாதி ஏறிய படியெல்லாம் போய், கீழேயிருந்து திரும்ப ஏற வேண்டும். பேச்சு டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்து, கொஞ்சம் பொறு அம்மா என்று சொல்ல வாயெடுத்து, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"ந... நா... நானே சொல்றேன், குட்டி."

மகளின் கை ஸ்கூட்டர் சாவியில் அப்படியே நின்றது. முகம் கோணியது. அவள் அழுதாள், ஆனால் பேசவில்லை.

அவர் பேச்சு டீச்சர் பக்கம் திரும்பினார். உதடு பல்லில் பட்டது, விலகியது, மறுபடியும் பட்டது. லாரிக்காரன் ஏதோ திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான். யாரும் அவருக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வ... வரேன் மேடம். ஆனா எ... எ... எழுதாதீங்க."